பல வருடம் கழித்து டெட்ரிஸுக்குத் திரும்பினால் கை ஏன் தடுமாறுகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் பின்பாதியில், பள்ளியில் படிக்கும்போது, கையடக்கமான பிரிக் கேமில் டெட்ரிஸ் ஆடித் தெருவில் யாராலும் எட்ட முடியாத மதிப்பெண்களை எடுத்துவந்தீர்கள். இப்போது 42 வயதில், கைப்பேசியில் அதே ஆட்டத்தை இறக்கி ஆடிப்பார்த்தால் ஐந்து நிமிடத்துக்குள் பலகை நிரம்பிவிடுகிறது. ஆட்டம் மறந்துபோய்விட்டதா, வயதால் மூளை மந்தமாகிவிட்டதா, பழைய திறமையை மீட்க வழி உண்டா, மீட்பதால் மூளைக்கு ஏதேனும் நன்மை உண்டா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுப்பியிருக்கும் இரண்டு சந்தேகங்களும் உங்கள் மீதே இருக்கின்றன. நீங்கள் விட்டுவந்த இடத்தில் ஆட்டம் அப்படியே நின்றிருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது நிற்கவில்லை. இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

நான் கைப்பேசி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன். மேலிருந்து கட்டை விழும் ஆட்டங்களைப் பல வடிவங்களில் எழுதியிருக்கிறேன், பிறர் எழுதியவற்றைச் சோதித்துக் கொடுத்திருக்கிறேன், தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பழைய நிண்டெண்டோ கருவிக்கான டெட்ரிஸ் பதிப்பை இன்றும் விடாமல் ஆடிவருகிறேன். ஆகவே ஆட்டத்தின் உள்விதிகளைப் பற்றி நான் சொல்வதை உறுதியானதாக எடுத்துக்கொள்ளலாம். நினைவு, வயது, மூளை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லப்போவது வெளியான ஆய்வுகளைப் படித்ததை வைத்துத்தான். நான் மருத்துவனும் அல்லன், உளவியல் பயின்றவனும் அல்லன். அந்த இடங்களில் எது வரை உறுதி, எங்கிருந்து ஊகம் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன். நீங்கள் இறக்கியது எந்தப் பதிப்பு என்று குறிப்பிடாததால், இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான பதிப்புகளுக்குப் பொருந்துவதையே சொல்கிறேன்.

1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் எலெக்ட்ரானிகா 60 என்ற கணினியில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அந்தக் கணினியால் படம் வரைய இயலாது என்பதால் கட்டைகளை அடைப்புக்குறிகளைக் கொண்டே காட்டினார். நான்கு சதுரங்கள் ஒட்டிய ஏழு வடிவங்கள், 10 சதுர அகலம், 20 சதுர உயரம், ஒரு வரிசை முழுதாக நிரம்பினால் அது மறைவது என்ற அளவில் ஆட்டம் இன்றுவரை மாறவில்லை. உங்கள் பிரிக் கேமின் சாம்பல் நிறத் திரையும் அதே 10-க்கு 20 சதுரம்தான். ஆனால் கட்டை எந்த நிலையில் தோன்றும், சுழற்றினால் எந்தச் சதுரத்தை மையமாக வைத்துத் திரும்பும், தரையைத் தொட்ட பிறகு எவ்வளவு நேரம் அசைக்கலாம், அடுத்து வரும் கட்டையை நிரல் எப்படித் தேர்ந்தெடுக்கும் ஆகியவை பதிப்புக்குப் பதிப்பு வேறுபட்டன. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் உரிமம் வைத்திருப்பவர்கள் இவற்றுக்கெல்லாம் ஒரு பொது வரையறையை வகுத்தார்கள். அதன் பிறகு வந்த உரிமம் பெற்ற பதிப்புகள் பெரும்பாலும் அதைப் பின்பற்றுகின்றன. நம் ஊர்க் கடைகளிலும் திருவிழாக்களிலும் '9999 இன் 1' என்று அச்சிட்டு விற்ற கருவிகள் அந்த வரையறைக்கு முந்தியவை, ஒன்றுக்கொன்றுகூட ஒத்துப்போகாதவை. உங்கள் விரல்கள் பழகியிருப்பது அப்படிப்பட்ட ஒரு கருவியின் விதிகளுக்கு.

இதில் உங்களை அதிகமாக வீழ்த்துவது கீழ்நோக்கிய அசைவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பழைய கருவியில் கீழ்ப் பொத்தானை அழுத்தினால் கட்டை வேகமாக இறங்கும். விரலை எடுத்தால் பழைய வேகத்துக்குத் திரும்பும். இறங்கும் வழியிலேயே இடமோ வலமோ தள்ளித் திருத்திக்கொள்ளலாம். இன்றைய கைப்பேசிப் பதிப்புகள் பெரும்பாலானவற்றில் விரலை வேகமாகக் கீழே இழுத்தால் கட்டை அந்தக் கணமே தரையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பின் அசைக்க முடியாது. கட்டையைச் சற்று விரைவாக இறக்கலாம் என்று நினைத்துப் பழைய பழக்கத்தில் விரலை இழுக்கிறீர்கள். இன்னும் ஒரு சதுரம் வலப்பக்கம் போக வேண்டிய எல் வடிவக் கட்டை, போகாமலே விழுந்து, கீழே ஓர் ஓட்டையை மூடிவிடுகிறது. அந்த ஓட்டைக்கு மேலே உள்ள வரிசைகள் மறையும் வரை அதை நிரப்ப வழியில்லை. ஐந்து நிமிட ஆட்டத்தில் இப்படி நான்கைந்து முறை நடந்தால் போதும், பலகை நிரம்பிவிடும். மெதுவாக, விரலை எடுக்காமல் இழுத்தால் கட்டை பழைய முறையில் இறங்குவதைப் பல பதிப்புகளில் காணலாம். உங்கள் பதிப்பின் அமைப்புகளில் இதற்கான தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது சுழற்சி. பழைய நிண்டெண்டோ பதிப்பில் டி, எல், ஜே ஆகிய மூன்று வடிவங்களும் தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி தோன்றும். இன்றைய வரையறைப்படி தட்டையான பக்கம் கீழே இருக்கும். உங்கள் பிரிக் கேம் முதல் வகையைச் சேர்ந்ததாக இருந்திருந்தால், ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை முறை சுழற்ற வேண்டும் என்று விரல் வைத்திருக்கும் கணக்கு இரண்டு சுற்று தவறிப்போகும். தலைகீழாக வந்து உட்காரும் எல் கட்டையைப் பார்த்து 'எனக்கு என்ன ஆயிற்று' என்று திகைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரோரமாகவும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய பதிப்புகள் பலவற்றில் சுவரை ஒட்டி நிற்கும் கட்டை சுழல மறுக்கும். புதியவற்றில் அது சுவரிலிருந்து ஒரு சதுரம் தள்ளி நின்று சுழன்றுகொள்ளும். தரையைத் தொட்ட பிறகும் ஏறத்தாழ அரை நொடி அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் நகர்த்தலாம், சுழற்றலாம், ஒரு விளிம்புக்கு அடியில்கூடக் கட்டையைச் செருகலாம். பழைய கருவியில் அந்த அவகாசம் இல்லாததாலோ மிகக் குறைவாக இருந்ததாலோ, தரையைத் தொடுமுன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் உங்கள் கையில் இன்னும் தங்கியிருக்கலாம். புதிய பதிப்பில் அது தேவையில்லை.

மூன்றாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் ஆட்டத்தின் சுபாவத்தையே மாற்றியது அதுதான். பழைய நிண்டெண்டோ பதிப்பில் அடுத்த கட்டை ஏறக்குறைய பகடை உருட்டியதுபோல் வரும். முந்தைய கட்டையே மறுபடி விழுந்தால் நிரல் இன்னொரு முறை உருட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். அதனால் நான்கு சதுரமும் ஒரே கோட்டில் நிற்கும் நீளக் கட்டை 30 கட்டைகள் வரை வராமலே போவது அரிது என்றாலும் நடக்கக்கூடியது. இன்றைய வரையறையில் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஏழும் தீர்ந்த பிறகே அடுத்த பையைத் திறக்கிறார்கள். இதன் விளைவுகளைக் கணக்குப் போட்டே சொல்லலாம்: இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவில் அதிகபட்சம் 12 வேறு கட்டைகள்தான் வர முடியும்; எஸ், இசட் என்ற அந்த இரண்டு கோணல் கட்டைகளும் தொடர்ச்சியாக நான்குக்கு மேல் வர முடியாது. பழைய ஆட்டக்காரர் தன்னையறியாமல், நீளக் கட்டை நெடுநேரம் வராத வறட்சிக்குத் தயாராக அடுக்குவார். பலகையைத் தாழ்வாகவே வைத்திருப்பார். அது நல்ல பழக்கம்தான். ஆனால் புதிய பதிப்பில், இந்தப் பையில் நீளக் கட்டை வந்துவிட்டதா, இனிமேல்தான் வர வேண்டுமா என்று பார்த்துக்கொண்டால் அதற்கேற்ப இடம் விட்டு வைக்க முடியும். கூடவே, ஒரு கட்டையைத் தனியே எடுத்துவைக்கும் வசதியும், கட்டை எங்கே விழும் என்று காட்டும் நிழலும், அடுத்து வரும் பல கட்டைகளின் வரிசையும் உள்ளன. உங்கள் பழைய கருவி அடுத்த ஒரே ஒரு கட்டையைத்தான் காட்டியிருக்கும். இவ்வளவு உதவிகள் இருக்கும்போது ஆட்டம் எளிதாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். பழகிய பிறகு எளிதுதான். பழகும் வரை, கண் எங்கே போவது என்று தெரியாமல் அலைகிறது.

இனி, ஆட்டம் மறந்துவிட்டதா என்ற கேள்வி. ஒருமுறை கற்றதை மீண்டும் கற்க முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டினார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்மீதே சோதித்தவர் அவர். கைத்திறனைப் பொறுத்தவரை, 1962இல் ஃபிளைஷ்மன், பார்க்கர் என்ற இருவர் செய்த ஆய்வு உங்கள் நிலைக்கு நெருக்கமானது. நகரும் இலக்கைக் கருவியால் தொடரும் பயிற்சியை அளித்து, 24 மாதங்கள் வரை இடைவெளி விட்டுச் சோதித்ததில் இழப்பு மிகக் குறைவாக இருந்தது. அந்தச் சிறு இழப்பும் விரைவில் சரியாயிற்று. ஆனால் இரண்டு வருடத்துக்குப் பொருந்துவது இருபத்தைந்து வருடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். இன்னொரு ஆய்வு டெட்ரிஸைக் கொண்டே செய்யப்பட்டது. ராபர்ட் ஸ்டிக்கோல்டும் குழுவினரும் 2000இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஆடியவர்களுக்குத் தூக்கம் வரும் நேரத்தில் கட்டைகள் விழும் காட்சி கண்முன் தோன்றியது. ஏற்கனவே ஆட்டத்தில் தேர்ந்த சிலருக்கு, பல வருடங்களுக்கு முன் ஆடிய வேறொரு பதிப்பின் காட்சியே வந்தது. பழைய ஆட்டம் எங்கோ உள்ளே கிடக்கிறது என்பதற்கு இதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். அறிகுறி என்பதற்கு மேல் அதை நீட்டக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உங்களிடம் மிஞ்சியிருக்கும் திறமையில் இரண்டு பங்கு இருக்கிறது. எந்தக் கட்டை எந்தப் பள்ளத்துக்குப் பொருந்தும் என்று ஒரே பார்வையில் கண்டுகொள்வது ஒன்று. அதை அங்கே கொண்டு சேர்க்கும் விரலசைவு மற்றொன்று. முன்னதற்குப் பதிப்பு பொருட்டல்ல, ஏனெனில் ஏழு வடிவங்களும் மாறவில்லை. பின்னது முழுக்க அந்தப் பழைய பொத்தான்களைச் சார்ந்தது. கண்ணாடித் திரையில் விரலுக்குத் தடவிப்பார்க்க ஒன்றுமில்லை. பொத்தான் அழுந்தும் உணர்வு கிடைக்காததால் இரண்டு சதுரம் நகர்த்தினோமா மூன்றா என்பதைக் கண்ணால் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அடுத்த கட்டையைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. உங்கள் தடுமாற்றத்தில் பெரும்பங்கு பொத்தானிலிருந்து திரைக்கு மாறிய இந்த மாற்றத்தால் என்றே நினைக்கிறேன். சோதித்துப்பார்க்க எளிய வழி உண்டு: ஒரு கணினியில், விசைப்பலகையின் அம்புக்குறி விசைகளைக் கொண்டு ஆடிப்பாருங்கள். அங்கே ஆட்டம் சட்டென்று மேம்பட்டால், பார்வை நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

வயதைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். விரைவாகக் கண்டு விரைவாகச் செயல்படுவதில் வயதுக்குப் பங்குண்டு. ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர்த்திட்ட விளையாட்டை ஆடிய, 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஒரு கட்டுரை, பார்த்ததற்கும் செயல்பட்டதற்கும் இடையிலான நேரம் 24 வயதளவிலேயே கூடத் தொடங்குகிறது என்று காட்டியது. அதே கட்டுரை, வயது கூடியவர்கள் எளிய உத்திகளால் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவதற்கான அடையாளங்களையும் சுட்டியது. டெட்ரிஸில் இது எப்போது பொருட்படுத்தத்தக்கது என்பது வேகத்தைப் பொறுத்தது. பழைய நிண்டெண்டோ பதிப்பில் 18ஆம் நிலையில் ஒரு கட்டை பலகையின் மேலிருந்து அடிவரை விழ ஒரு நொடி ஆகும். 19ஆம் நிலையில் நொடியில் மூன்றில் இரண்டு பங்கு. 29ஆம் நிலையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த உயரத்தில் இளைஞர்களின் கைக்குத்தான் வெற்றி. அந்தப் பதிப்பின் உலகப் போட்டியை ஏழு முறை வென்ற ஜோனஸ் நியூபாவரை 2018இல் இறுதிச்சுற்றில் தோற்கடித்தவர் 16 வயது ஜோசப் சேலி. பொத்தானை அழுத்திப் பிடிக்காமல், கட்டைவிரலை அதிரவைத்து அதிவேகமாகத் தட்டும் முறையால் வென்றார். ஆனால் நியூபாவர் தன் ஏழாவது பட்டத்தை வென்றது அதற்கு முந்தைய வருடம்தான், முப்பதுகளின் நடுவில். நீங்கள் தோற்பதோ முதல் சில நிலைகளில். அங்கே ஒரு கட்டை இறங்கப் பல நொடிகள் இருக்கின்றன. 42 வயதின் கை அதற்குத் தாராளமாகப் போதும்.

மீட்கும் வழிக்கு வருகிறேன். வேகத்தை மிகக் குறைந்த நிலையில் வைத்து, மதிப்பெண்ணைப் பார்க்காமல், பலகையின் மேல்மட்டத்தை மட்டும் பாருங்கள். கொத்தனார் ஒவ்வொரு வரி எழுப்பியதும் நூல் பிடித்துப் பார்ப்பதைப்போல. நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று. அடுத்தடுத்த இரண்டு பத்திகள், அதாவது மேலிருந்து கீழாக ஓடும் சதுர வரிசைகள், சம உயரத்தில் எங்கேனும் இருக்க வேண்டும். சதுரக் கட்டைக்கு வேறு இடமில்லை. இடமிருந்து வலமாகப் போகும்போது ஒரே ஒரு சதுரம் கீழே இறங்கும் படி ஒன்று இருக்க வேண்டும். நிமிர்த்திய எஸ் கட்டை அதில் ஓட்டையின்றி உட்காரும். ஒரே ஒரு சதுரம் மேலே ஏறும் படி ஒன்று இருக்க வேண்டும். நிமிர்த்திய இசட் அதற்குப் பொருந்தும். இந்த மூன்றும் இருந்தால் டி, எல், ஜே ஆகியவற்றுக்கும் கட்டாயம் இடம் கிடைக்கும், ஆகவே எந்தக் கட்டை வந்தாலும் ஓட்டை விழாது. திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் மேல்மட்டத்தை முழுக்கச் சமமாக வைக்கப் பாடுபடுகிறார்கள். முழுச் சமதளத்தில் எஸ், இசட் இரண்டையுமே ஓட்டை விழாமல் வைக்க முடியாது என்பதை ஒரு தாளில் வரைந்து பார்த்தாலே புரிந்துவிடும். சற்று மேடுபள்ளமான தளமே பாதுகாப்பானது.

பள்ளத்தின் ஆழமும் முக்கியம். ஒரு பத்தி அகலமுள்ள சந்து இரண்டு சதுர ஆழம் வரை இருந்தால் எல் அல்லது ஜே கட்டையைக் கவிழ்த்து அதை அடைக்கலாம். மூன்று சதுரம் ஆகிவிட்டால் நீளக் கட்டையைத் தவிர வேறெதுவும் அதை ஒழுங்காக நிரப்பாது. அப்படிப்பட்ட சந்து ஒன்று இருக்கலாம், அதுவும் நீங்களே தெரிந்து விட்டதாக, ஓரத்தில். இரண்டாவது உருவாகும்போதே ஆட்டம் கைவிட்டுப் போகத் தொடங்குகிறது. இன்னொன்று: கட்டையை மனத்துக்குள் சுழற்றிப்பார்த்து முடிவெடுக்கப் பாடுபட வேண்டாம், திரையிலேயே சுழற்றிப் பாருங்கள். டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ என்ற ஆய்வாளர்கள் 1994இல் டெட்ரிஸ் ஆட்டக்காரர்களைக் கவனித்தபோது, தேர்ந்தவர்கள் தேவைக்கு மேல் கட்டையைச் சுழற்றுவதைக் கண்டார்கள். கற்பனை செய்வதைவிடச் சுழற்றிக் கண்ணால் பார்ப்பது விரைவானது என்பதே அவர்கள் தந்த விளக்கம். என் அனுபவமும் அதையே சொல்கிறது.

நான்கு வரிசைகளை ஒரே அடியில் நீக்கும் ஆசையைச் சில வாரங்களுக்குத் தள்ளிவையுங்கள். பழைய நிண்டெண்டோ பதிப்பில் முதல் நிலையில் ஒரு வரிசைக்கு 40, நான்கு வரிசைகளுக்கு 1,200. தனித்தனியே நான்கு முறை நீக்கினால் 160தான் என்பதால், காத்திருந்து அடிப்பவருக்கு ஏழரை மடங்கு பலன். இன்றைய வரையறையில் ஒரு வரிசைக்கு 100, நான்குக்கு 800; வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. ஆகவே ஓரத்துச் சந்தைத் திறந்து வைத்துக்கொண்டு நீளக் கட்டைக்காகப் பலகையை உச்சிவரை ஏற்றுவது, திரும்பி வரும் ஒருவருக்கு இப்போது லாபகரமான துணிச்சல் ஆகாது. பலகை பாதி உயரத்தைத் தாண்டியதும் கிடைக்கிற வரிசையை நீக்கி இறக்கிவிடுங்கள்.

'அப்போதெல்லாம் நான் தோற்றதே இல்லை, பேட்டரிதான் தீரும்' என்று எழுதியிருந்தீர்கள். வேகம் ஏறாத நிலையில் ஆடினால் அது நடக்கக்கூடியதே. கணிதம் இதைப் பற்றி அழகான ஒன்றைச் சொல்கிறது. எஸ், இசட் இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் எவ்வளவு திறமையாக ஆடினாலும் 70,000 கட்டைகளுக்குள் ஆட்டம் முடிந்தே தீரும் என்று ஹெய்டி பர்கீல் 1997இல் நிறுவினார். பகடை உருட்டுவதுபோல் கட்டைகள் வரும் பதிப்பில், முடிவற்ற காலம் ஆடினால் அப்படியொரு வரிசை என்றாவது ஒருநாள் வந்தே ஆக வேண்டும். ஆகவே அங்கே தோல்வி நிச்சயம், நம் ஆயுளுக்குள் அந்த வரிசை வராது என்பதே ஆறுதல். ஏழு கட்டைகளைப் பையில் போட்டுக் குலுக்கும் பதிப்பில் அப்படியொரு வரிசை வரவே வழியில்லை. எடுத்துவைக்கும் வசதியைப் பயன்படுத்தி ஒரு குறிப்பிட்ட முறையில் அடுக்கினால், வேகம் கூடாதவரை முடிவின்றி ஆடலாம் என்பதை ஆட்டக்காரர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

மூளைக்கு நன்மை உண்டா என்பதில் எனக்குச் சந்தேகமே மிகுதி. ரிச்சர்ட் ஹையர் குழுவினர் 1992இல் செய்த ஆய்வில், சில வாரங்கள் தினமும் டெட்ரிஸ் பயின்றவர்களின் மதிப்பெண் பல மடங்கு உயர்ந்தது; ஆடும்போது அவர்களின் மூளை செலவழித்த குளுக்கோஸ் அளவோ குறைந்தது. பயிற்சியால் மூளை சிக்கனமாக வேலை செய்கிறது என்று அதை விளக்கினார்கள். ஆய்வில் பங்கேற்றோர் மிகச் சிலரே. 2009இல் அதே ஆய்வாளர் பதின்வயதுச் சிறுமிகளிடம் செய்த மூன்று மாத ஆய்வில் மூளையின் சில பகுதிகளில் புறணி எனப்படும் மேலடுக்கு தடித்திருந்தது. ஆனால் வேலை சிக்கனமான பகுதிகளும் தடித்த பகுதிகளும் ஒன்றாக இல்லை. இவற்றைக்கொண்டு 'டெட்ரிஸ் ஆடினால் அறிவு கூடும்' என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நம்ப வேண்டாம். 2002இல் சிம்ஸ், மேயர் ஆகியோர் கண்டது இன்னும் தெளிவானது: டெட்ரிஸில் தேர்ந்தவர்கள் டெட்ரிஸ் வடிவங்களையும் அவற்றை ஒத்தவற்றையும் மனத்துக்குள் சுழற்றுவதில்தான் சிறந்திருந்தார்கள், இடஞ்சார்ந்த பிற சோதனைகளில் அந்த மேன்மை தென்படவில்லை. டெட்ரிஸ் ஆடினால் டெட்ரிஸ் வரும் என்பது வரைதான் உறுதி. எனக்கு அது போதும். ஏழே வடிவங்களை வைத்துக்கொண்டு நாற்பது வருடங்களாக மனிதர்களைக் கட்டிப்போட்டிருக்கும் ஒன்றை நன்றாக ஆடத் தெரிவதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

உடம்பு சார்ந்த ஒரு குறிப்பு. கைப்பேசியைத் தாங்கிப் பிடித்தபடி அதே கையின் கட்டைவிரலால் ஆடினால், விரலின் அடிப்பகுதியும் மணிக்கட்டும் விரைவில் வலிக்கும். பேசியை மேசைமேல் வைத்து இன்னொரு கையால் ஆடுங்கள். வலி நிலைத்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரேயடியாக நெடுநேரம் ஆடுவதைவிடத் தினமும் சிறிது நேரம் ஆடுவது பலன் தரும். முதல் ஓரிரு ஆட்டங்களைக் கை சூடேறுவதற்கு என்று ஒதுக்கிவிடுங்கள், அவற்றின் மதிப்பெண்ணை வைத்து உங்களை அளக்க வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் கழித்தும் தேறவில்லை என்றால், தோற்ற கணத்துத் திரையைப் படம் எடுத்துவைத்து, பதிப்பின் பெயரோடு இங்கேயே எழுதுங்கள். கட்டைகள் நடுவில் கோபுரமாக எழுந்து இருபுறமும் பள்ளமாக இருந்தால், அவற்றை ஓரத்துக்குக் கொண்டுபோக விரலுக்கு நேரம் போதவில்லை அல்லது கீழிழுப்பு அவசரமாகிவிட்டது. அதற்கு புளூடூத்தில் இணையும் பொத்தான் கருவி ஒன்றே தீர்வாகலாம். பலகை முழுவதும் ஒரே மட்டமாக உயர்ந்து உள்ளே ஓட்டைகள் சிதறிக் கிடந்தால், மேல்மட்டத்தைப் பார்க்கும் பயிற்சியைத் தொடர வேண்டும். ஓட்டையே இல்லாமல் ஓரத்தில் ஓர் ஆழமான சந்தோடு தோற்றிருந்தால், நீளக் கட்டைக்காக அளவுக்கு மீறிக் காத்திருக்கிறீர்கள். மூன்றில் எளிதில் திருத்தக்கூடியது அதுதான்.